கல்லூரிக் கூடைப்பந்து அணியில் முதலாமாண்டிலேயே களத்தில் இறங்குவது எப்படி

பள்ளி அணியில் எல்லாம் நீயாகத்தான் இருந்திருப்பாய். பந்தைக் கொண்டுபோவதும் நீ, கூடை போடுவதும் நீ. கல்லூரியில் சேர்ந்து, செலக்‌ஷனில் பெயர் வந்து, 12 பேரில் ஒருத்தியாக ஜெர்சியும் வாங்கிவிட்டாய். ஆனால் ஆட்டம் தொடங்கினால் பெஞ்சுதான். பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று நம் கடற்கரை ஊர்களில் இருந்து போகும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டு, பந்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாம்பன்காரி. கல்லூரியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக ஆடினேன், முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சில். இப்போது மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் என் பழைய பிள்ளைகளிடம் இருந்து போன் வரும்: "மிஸ், டீம்ல இருக்கேன், ஆனா இறக்கவே மாட்டேங்கிறாங்க." அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். பையன்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. கல்லூரி ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. களத்தில் ஐந்து பேர். அப்படியென்றால் ஓர் அணியின் கையில் மொத்தம் 200 நிமிடம் இருக்கிறது. நல்ல சீனியர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினாலே 150 போய்விடும். மீதி 50 நிமிடத்தைத்தான் ஏழு பேருக்குப் பிரிக்க வேண்டும். அதிலும் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டுப் பிள்ளைகள் உனக்கு முன்னால் நிற்பார்கள். ஆகவே உனக்கு முதலில் கிடைக்கப்போவது இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒரு சீனியருக்குச் சீக்கிரமே மூன்றாவது ஃபவுல் விழுந்தால் (ஐந்து விழுந்தால் வெளியே) கிடைக்கும்; யாருக்காவது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்துக்குத் தயாராவதுதான் முதலாமாண்டின் வேலை.

கோச் எதற்குப் பயப்படுகிறார்

நீ கூடை போட மாட்டாய் என்று நினைத்துக் கோச் உன்னை உட்கார வைப்பதில்லை. நீ களத்தில் நிற்கும் அந்த நேரத்தில் என்ன ஆகுமோ என்பதுதான் அவர் பயம். கண்ணி அறுந்த வலையில் மீன் எந்த வழியாகப் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பிள்ளை இறங்கியதும் எதிரணி பெஞ்சில் இருந்து சத்தம் வரும்: "புதுசு, புதுசு, அவ மேல போ!" அடுத்த மூன்று பந்தும் உன் பக்கமாகத்தான் வரும்.

அதனால் உன் கோச் உன்னிடம் தேடுவது மூன்று விஷயம். நீ பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிடாமல் நிற்பாயா? பந்தை எதிரணி கையில் கொடுக்காமல் இருப்பாயா? போட்டுவைத்த மூவில், அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டத்தில், உன் இடம் தெரியுமா? இந்த மூன்றுக்கும் அவர் மனதில் "ஆமாம்" என்று விழுந்துவிட்டால் உன்னைத் தயங்காமல் இறக்குவார். ஷூட்டிங் நான்காவதாகத்தான் வரும். ஷூட்டிங் நன்றாக இருந்து இந்த மூன்றும் இல்லாத பிள்ளைகள் வருடக்கணக்காகப் பெஞ்சில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பந்தே அதிகம் தொடாத ஓர் உச்சிப்புளிப் பெண் எங்கள் அணியில் முதல் வருடமே எல்லா ஆட்டத்திலும் இறங்கினாள். எதிரணியின் நல்ல கார்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் பி.டி. மேடம் நிம்மதியாக உட்காருவார்.

பிராக்டிஸில் செய்ய வேண்டியது

தினமும் மாலையில் இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடுவார்கள். முதல் ஐந்து பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் எதிர்ப்பக்கம். பெரும்பாலான ஜூனியர்கள் அந்த நேரத்தில் தனக்கு எளிதான ஆளைத் தேடிப் போய் நிற்பார்கள். நீ நேராகப் போய் அணியின் நல்ல ஆட்டக்காரரைப் பிடி. "அக்கா, இன்னைக்கு உங்கள நான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டே பிடி. அவள் உன்னைத் தாண்டிப் போவாள், திரும்பத் திரும்பப் போவாள். போகட்டும். அவள் வலது தோளை இறக்கினால் எந்தப் பக்கம் திரும்புவாள், எப்போது நின்று ஷாட் எடுப்பாள் என்று உன் கால்களுக்குப் பழகும். அவளையே ஓரளவு நிறுத்தப் பழகிவிட்டால் வேறு கல்லூரிப் பிள்ளைகள் உன்னை அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது. கோச் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார்.

பிடிக்கும்போது கையை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பார்க்காதே. புதுப் பிள்ளைகளின் ஃபவுலில் முக்கால்வாசி அந்த நீட்டிய கையால் வருவது. முட்டியை மடக்கு, இடுப்பை இறக்கு, காலைக் குறுக்காகப் போடாமல் பக்கவாட்டில் நகர். ஒரு கையால் பந்துக்கு நிழல் கொடு. அவள் ஷாட் எடுத்தால் கையை நேராக மேலே தூக்கு, அவள் மேல் சாயாதே. ஷாட் எடுத்தவுடன் பந்தை வேடிக்கை பார்க்காமல் திரும்பி உன் ஆளை முதுகால் அடைத்துக்கொள். உயரம் குறைந்த பிள்ளை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்து மூவ். கோச் ஒரு மூவைச் சொல்லிக்கொடுக்கும்போது நீ நிற்கும் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதே. ஐந்து பேர் இடத்தையும் கற்றுக்கொள். ராத்திரி ஒரு பழைய நோட்டில் அரை மைதானம் வரைந்து, ஐந்து புள்ளி வைத்து, யார் எப்போது எங்கே ஓடுகிறார்கள், யாருக்கு யார் ஸ்க்ரீன் போடுகிறார்கள் (எதிராளியின் வழியில் நின்று மறிப்பது) என்று அம்புக்குறி போடு. ஐந்து இடத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் உண்டு. இரண்டாம் எண்ணில் ஆடுபவளுக்கு அடிபட்டாலும், நான்காம் எண்ணில் ஆடுபவளுக்கு ஃபவுல் ஏறினாலும், "இவளை அனுப்பலாம்" என்று உன் பெயர் இரண்டு இடத்திலும் வரும். ஒரே இடம் தெரிந்தவளுக்கு ஒரே கதவுதான் திறக்கும்.

இடது கை ட்ரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: இடது கையில் தலை குனியாமல் எதிரணிப் பாதிக்குப் பந்தைக் கொண்டுபோகத் தெரிய வேண்டும். அதற்கு உனக்கு 8 விநாடி இருக்கிறது. அது போதும்.

ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) மட்டும் வேறு மாதிரிப் பழகு. வழக்கமாக எல்லோரும் கோட்டில் நின்று வரிசையாக ஐம்பது போடுவார்கள். பத்தாவது பந்துக்குப் பிறகு கை சூடாகிவிடும், விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆட்டத்தில் உனக்கு அப்படி வராது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, இறங்கிய உடனே ஃபவுல் வாங்கி, குளிர்ந்த கையோடு இரண்டே இரண்டு போட வேண்டியிருக்கும். அதையே பழகு. பத்து நிமிடம் போய் உட்கார், எழுந்து வா, மைதானத்தை ஒருமுறை குறுக்கே ஓடு, மூச்சு வாங்கும்போதே இரண்டு போடு. திரும்பப் போய் உட்கார். நோட்டில் அந்த இரண்டை மட்டும் எழுதிவை. ஆட்டம் நெருக்கமாக இருந்தால் கடைசி நிமிடத்தில் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யத் தேடுவது ஜூனியரைத்தான். உன் கை அங்கே நடுங்காது என்று தெரிந்தால் கோச் உன்னைக் கடைசி நிமிடத்திலும் களத்தில் விடுவார்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரம்

பெஞ்ச் என்றால் குறைச்சல் என்று நினைக்காதே. அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக நிறைய ஆட்டங்களில் அவர் பெஞ்சில் இருந்துதான் இறங்கினார். 2007-08 பருவத்தில் என்.பி.ஏ.வின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது, அதாவது பெஞ்சில் இருந்து இறங்குபவர்களில் சிறந்தவருக்கான விருது, அவருக்குத்தான். அந்த அளவு ஆட்டக்காரரே அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

உட்கார்ந்திருக்கும்போது பந்தைப் பார்க்காதே. நீ இறங்கினால் யாரைப் பிடிப்பாயோ அந்த ஆளை மட்டும் பார். எந்தக் கையில் போகிறாள், களைத்தவுடன் எங்கே நிற்கிறாள், ஸ்க்ரீன் வந்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறாள். அப்புறம் இரண்டு எண்ணிக்கை உன் தலையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் அணிக்கு இந்தக் கால்பகுதியில் எத்தனை ஃபவுல்? நான்கு ஆகிவிட்டால் அடுத்து சாதாரண டிஃபென்ஸ் ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நம் ஆட்களில் யாருக்கு எத்தனை ஃபவுல்? ஐந்தாவது விழுந்தால் அவர் வெளியே, 30 விநாடிக்குள் பதில் ஆள் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கோச் திரும்பிப் பார்க்கும்போது நீ ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காற்று. நம் பக்கத்தில் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்தான். ஆடி மாதத்துக் கச்சான் காற்று அடித்தால் தூரத்து ஷாட்டை எங்கே கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த ரிங்கில் பந்து குட்டையாக விழுகிறது, எந்தப் பக்கம் நீளமாகப் போகிறது, குறுக்குக் காற்று எந்த மூலையில் இழுக்கிறது என்று பெஞ்சில் இருந்தே கணக்குப் பார்த்துவை. களத்தில் ஓடுபவர்களுக்கு அதைக் கவனிக்க நேரம் இருக்காது. டைம் அவுட்டில் "அக்கா, அந்தப் பக்கம் எல்லாம் குட்டையா விழுது, போர்டுல அடிச்சுப் போடுங்க" என்று ஒரு வரி சொல். அந்த வரிக்கு மதிப்பு உண்டு. பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஜூனியரைவிட அப்படி ஒரு வரி சொல்லும் ஜூனியரைக் கோச் முதலில் நினைப்பார்.

உடம்பு குளிர விடாதே. ஒவ்வொரு கால்பகுதி இடைவெளியிலும் எழுந்து பக்கவாட்டில் ஓடு, குதி, கணுக்காலைச் சுற்று. ஜெர்சியை உள்ளே விட்டு, மேல் சட்டையை எளிதாகக் கழற்றும்படி வைத்திரு.

முதல் இரண்டு நிமிடம்

கோச் பெயரைச் சொன்னதும் நேராகக் களத்துக்குள் ஓடிவிடக் கூடாது. ஸ்கோர் மேசைக்கு நீயே போய் மாற்று கேட்க வேண்டும், நடுவர் கைகாட்டிய பிறகுதான் நுழைய வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்: ஆட்டத்தின் நடுவில் கூடை விழுந்தால் கடிகாரம் நிற்காது, அப்போது மாற்றும் கிடையாது. நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டும், எதிரணியிடம் கூடை விட்டுக்கொடுத்த அணி மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் மேசையருகே குழம்பி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே கோச்சுக்குப் பயம் திரும்பிவிடும்.

வெளியே வரும் சீனியரிடம் ஒரே கேள்வி: "யாரைப் பிடிக்கணும்?" பதில் வந்ததும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போ. முதல் தடவை பந்து கைக்கு வந்தால் எளிய பாஸ் ஒன்று கொடு. ரிங்குக்கு அடியில் தனியாக நின்றால் ஒழிய முதல் ஷாட்டுக்கு அவசரம் வேண்டாம். நம் அணி பந்தை இழந்தால் எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடு. ஜூனியரின் கால் முழுசாகப் புதுசு, சீனியர்கள் களைத்திருப்பார்கள். உன்னால் எல்லோரையும்விட நிச்சயமாக நன்றாகச் செய்ய முடிந்த வேலை அந்த ஓட்டம்தான்.

பேசு. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய குறை இதுதான். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாமல் வளர்ந்த பிள்ளைகள் களத்திலும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். "அக்கா, உங்களுக்கு இடது பக்கம் ஸ்க்ரீன் வருது" என்று முடிப்பதற்குள் அவள் போய் இடித்திருப்பாள். பிராக்டிஸ் தொடங்கும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடு: "அக்கா, கிரவுண்டுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடலாமா?" எந்த நல்ல சீனியரும் சரி என்றுதான் சொல்வாள். களத்தில் பெயரும் ஒரு சொல்லும் போதும்: "லெஃப்ட்! லெஃப்ட்!" வெளியே வந்ததும் மறுபடி அக்கா.

ஆட்டம் முடிந்த ராத்திரி நோட்டில் இரண்டு எண் எழுது. நீ இறங்கும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன. 31-36 என்று பின்தங்கி இருந்தபோது இறங்கி, 37-38இல் வெளியே வந்தால், நீ ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டாலும் அந்த நேரத்தில் உன் அணி நான்கு புள்ளி நெருங்கியிருக்கிறது. சின்ன நேரத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஆனால் ஐந்தாறு ஆட்டம் சேர்ந்தால் ஒரு போக்கு தெரியும். நீ எடுத்த புள்ளியை எண்ணுவதைவிட இதை எண்ணு.

பஸ், வெயில், வீடு

ராமநாதபுரத்தில் கல்லூரி, மண்டபத்தில் வீடு என்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பாம்பனில் இருந்து வருபவளுக்கு இன்னும் கூட. மாலை பிராக்டிஸ் முடிந்து பஸ் பிடித்தால் வீட்டுக்கு வர இருட்டிவிடும். பெண் பிள்ளைகள் பலர் இதனாலேயே நிற்கிறார்கள். பாதியில் வராமல் போய், கேட்டால் தலை குனிவதைவிட முதல் நாளே பி.டி.யிடம் பஸ் நேரத்தைச் சொல்லிவிடு. "இத்தனை மணிக்கு நான் கிளம்பணும், அதுக்குப் பதிலா காலையில் முன்னாடியே வரேன்" என்று சொன்னால் கேட்பார்கள். சொன்னபடி காலையில் வந்து நில். கோச்சின் பயத்தைக் குறைப்பதில் இதற்கும் பங்கு உண்டு. மூன்று நாள் வந்து இரண்டு நாள் வராதவளை நம்பி யாரும் மாற்றுத் திட்டம் போட முடியாது.

வீட்டில் "இதனால் என்ன கிடைக்கும்" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு, அங்கிருந்து தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று பி.டி.யிடம் கேட்டு, அப்பா அம்மாவிடம் விவரமாகச் சொல். முடிந்தால் அம்மாவை ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வா.

மணலில் ஓடி வளர்ந்த கால் நமக்குப் பலம்தான். ஆனால் சிமெண்ட் தரை வேறு. மணல் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைச் சிமெண்ட் முட்டிக்குத் திருப்பிக் கொடுக்கும். குதித்து இறங்கும்போது இரண்டு காலிலும் முட்டி மடங்கி இறங்கு. கோர்ட்டில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் இருந்தால் ஆடுவதற்கு முன் துடைப்பம் எடுத்துப் பெருக்கு. சடாரென்று நிற்கும்போது வழுக்கிக் கணுக்கால் போவது அந்த மணலால்தான். புது ஷூவைப் போட்டியன்று முதன்முதலாகப் போடாதே. சீமைக்கருவேல முள் கோர்ட் ஓரம் எல்லாம் கிடக்கும், பந்துக்கும் அது எமன், காலுக்கும்.

நம் பக்கத்து வெயிலில் வியர்வை காய்வதே இல்லை. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் மூன்றாம் கால்பகுதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், வாழைப்பழம் போதும், விலை கூடின பானம் தேவையில்லை. நோன்பு மாதத்தில் ஆடும் பிள்ளைகள் முன்கூட்டியே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். பகலில் ஷூட்டிங், மூவ் மட்டும் பழகி, கடின ஓட்டத்தை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை யாராவது இதைப் படித்தால் ஒன்று. ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. உன் பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள காலமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். கடலுக்குப் போகும் அண்ணன்மார் அப்போது கரையில் இருப்பார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இருந்தால் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவந்து அவர்களோடு ஆடு. உன்னைவிட உடல் பலம் உள்ளவர்கள் இடிக்கும்போது பந்தைக் காப்பாற்றப் பழகிவிட்டால் கல்லூரியில் முதல் மாதம் அவ்வளவு கடினமாக இருக்காது.

கோச்சிடம் எப்படிக் கேட்பது

இறக்காத ஆட்டத்துக்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தோற்றுப்போன அன்றைக்குப் போய்க் கேட்கவும் வேண்டாம். பெற்றோரை அனுப்பிப் பேசவைப்பதும் வேண்டாம். அடுத்த நாள் காலை, பந்துகளை எடுத்துவைக்கும் நேரத்தில், தனியாகப் போய் நில். "என்னை ஏன் இறக்கல" என்று கேட்டால் அவர் காரணம் சொல்லத் தொடங்குவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். "மேடம், நான் எதைச் சரி பண்ணினா அடுத்த ஆட்டத்துல என்னை நம்பி ரெண்டு நிமிஷம் இறக்குவீங்க?" என்று கேள். அவர் ஒன்றைச் சொல்வார். "ஸ்க்ரீன்ல மாட்டிக்கிற", "பந்த தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிற" என்று ஏதாவது ஒன்று. அதை அந்த வாரம் முழுக்கப் பிராக்டிஸில் செய், அவர் கண்ணுக்குத் தெரியும்படி செய். வெள்ளிக்கிழமை திரும்பிப் போய், "மேடம், இப்ப எப்படி இருக்கு? சனிக்கிழமை ஆட்டத்துல நான் யாரைப் பார்த்து வைக்கணும்?" என்று கேள்.